பூரண சுகம்

என் அப்பாவின் வலது கை குணமாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவள் நான்தான். கை குணமாகவில்லை. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்ட அம்மாவுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். எழுதியது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியால் எங்கள் குடும்பம் ஏழு மாதம் திண்டாடியது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கை. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான கடிதம் இன்று வரும் நாளை வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தார். ஆலயத்தில் எங்களைச் சுற்றி உட்காருகிறவர்கள் எல்லாம் வாத்தியார்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும். தோல் கம்பெனி என்றால் அவர்களில் சிலருக்கு மூக்கு கொஞ்சம் சுருங்கும். அதற்காகவே அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, மணிக்கட்டுப் பொத்தான்களைக்கூட விடாமல் மாட்டிக்கொண்டுதான் ஆலயத்துக்கு வருவார். எவ்வளவு வெயிலானாலும் கையைச் சுருட்டிவிட மாட்டார்.

அவர் நின்றது, ஈரத் தோலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்தில். அப்பா இந்தப் பக்கம் நின்று தோலை உள்ளே கொடுப்பார். மறுபக்கம் நின்று இழுப்பவர் பல்லாவரத்துக்காரர். பதினைந்து வருடமாக இருவரும் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் அவரைப் பல்லாவரம் மாமா என்போம். ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போகிற கூட்டம் வெளியே இரைந்துகொண்டிருந்த நேரத்தில், தோலோடு சேர்ந்து அப்பாவின் வலது கையும் உருளைக்குள் போனது. மாமா பாய்ந்து போய் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் முழங்கை வரை போயிருக்கும் என்றார்கள்.

அதற்கு முன்பு எங்கள் வீட்டில் இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைத் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துவோம். தொழிலாளர் இன்ஷூரன்ஸுக்கென்று அப்பாவின் சம்பளத்திலிருந்து வாராவாரம் பிடிப்பார்கள். "காய்ச்சல் வந்தா கசாயம் குடிக்கப் போறோம், இதுக்கு ஒரு பிடித்தமா" என்று அம்மா சம்பள நாள் தவறாமல் புலம்புவாள். கை நசுங்கிய பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்கவில்லை. எலும்பைக் கூட்டி மாவுக்கட்டுப் போட்டார்கள். இன்ஷூரன்ஸ் டிஸ்பென்சரி டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "இவரால் இன்னும் வேலை செய்ய முடியாது" என்று ஒரு சீட்டு எழுதித் தருவார். அதை இன்ஷூரன்ஸ் ஆபீசில் கொடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அந்தச் சீட்டை அம்மா வேதாகமத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினாள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று நாங்கள் எல்லோரும் ஏமாந்துதான் போனோம். பார்க்க முழுக் கை. ஐந்து விரலும் இருந்தன, நகம்கூட இருந்தது. தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். தங்கை அதைத் தொட்டுப் பார்த்துக் கைதட்டினாள். பிறகு அம்மா அந்தக் கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்தாள். தம்ளர் தரையில் உருண்டது. விரல்கள் பாதி மடங்கும், அதற்குமேல் மடங்காது. மடங்கினாலும் பிடிக்காது. சீப்பு, சாவி, பாட்டுப் புத்தகம், எதுவும் அதில் நிற்கவில்லை. ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாது என்பதால் வண்டி முழுதும் நின்று, எல்லோரும் ஏறிய பிறகே ஏறுவார். டாக்டர் பயிற்சி சொல்லியிருந்தார். அப்பா ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் அமுக்கினார். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி என் வரிக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையில் தேறினால், பிள்ளை நல்லபடி பிறந்தால், காய்ச்சல் விட்டால், ஆண்டவருக்கு நன்றியாக ஒரு உறையில் காணிக்கை வைத்து, எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். போதகர் அதை ஆராதனையில் உரக்க வாசிப்பார். மாதக் கடைசியில் சபை மடலிலும் அச்சாகி, பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் போகும். என் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும் என்று பெண்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர். பாதிச் சீட்டுகள் என்னிடம்தான் வரும். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. எழுதி எழுதி ஒரு நடை பழகிவிட்டது. தேறினால் 'சிறப்பாக'த் தேற வேண்டும், பிரசவம் 'சுக'ப் பிரசவமாக வேண்டும், நோய் தீர்ந்தால் 'பூரண சுகம்'. பூரணம் இல்லாத சுகத்தை நான் யாருக்கும் எழுதித் தந்ததில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் காணிக்கை தருவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தாள். அவர் மறுபடி ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிறு உறையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"உயிரோட வீடு வந்து சேந்ததுக்காகன்னு போடு. எலும்பு கூடினதுக்காகன்னும் போடு."

"எலும்பு கூடினதுன்னு வாசிச்சா கேக்க நல்லாவா இருக்கும்? சும்மா இரும்மா, எனக்குத் தெரியும்" என்றேன்.

'இயந்திர விபத்தில் காயமுற்ற வலது கை பூரண சுகம் பெற்றதற்காக, நன்றியுடன், குடும்பத்தார்.' மசி காய்வதற்காக அதை ஊதிக்கொண்டே அழகு பார்த்தது நினைவிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெண்ணின் காதைத் திருகலாம்போல் இருக்கிறது.

போதகர் வாசித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்த அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. தெரியாத தெருவில் நின்று வழி பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். காணிக்கைப் பை வந்தபோது இடது கையால் போட அவருக்கு மனம் வரவில்லை. இடது கை விரல்களால் காசை வலது உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பைமேல் கவிழ்த்தார். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஆள் வந்து கை குலுக்கினார்கள். எல்லோரும் வலது கையைத்தான் பிடித்தார்கள். ஒரு ஹெட்மாஸ்டர் இரண்டு கையாலும் பற்றி அமுக்கோ அமுக்கென்று அமுக்கினார். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்து அந்தக் கையை வெந்நீரில் வைத்திருந்தார்.

டிஸ்பென்சரி டாக்டர் பக்கத்துச் சபைக்காரர். நல்ல மனிதர், பக்தி உள்ளவர், இதை நான் சொல்லியாக வேண்டும். அடுத்த சீட்டு வாங்க அப்பா போனபோது அவர் எழுந்து நின்று வரவேற்றாராம்.

"மடல்ல பார்த்தேன். கர்த்தர் பெரியவர். எங்க, கையைக் காட்டுங்க."

காயம் இல்லை, வீக்கம் இல்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியிருந்தது. மடக்கச் சொன்னார், பாதி மடங்கியது. மீதி வேலை செய்யச் செய்ய வந்துவிடும் என்றார். 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேஸ் தாளிலும் குறித்துக்கொண்டார்: தாம் பூரண குணமடைந்ததாக நோயாளியே சபை மடலில் அறிவித்திருக்கிறார்.

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, பிடிக்க முடியலன்னு?" அம்மா கேட்டாள்.

"எப்படிச் சொல்ல? சபைக்கு முன்னால ஆண்டவருக்கு நன்றின்னு சொல்லியாச்சு. அங்க போய்ச் சுகமாகலைன்னு சொன்னா, எது பொய்?" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தகுதிச் சீட்டோடு வேலைக்குப் போனார். மூன்று நாள். முதல் நாள் தோல் கையிலிருந்து நழுவியது. இரண்டாம் நாள் இடது கையால் கொடுக்கப் பார்த்தார், இயந்திரம் வலது கைக்காரனுக்குச் செய்தது. மூன்றாம் நாள் வலது விரல்கள் மறுபடி உருளையின் வாயருகே போனதைப் பார்த்து மறுபக்கம் நின்ற மாமா கத்தி, வேலையே நின்று, மேஸ்திரி வந்துவிட்டார். கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரே நிமிடத்தில் இந்தக் கை இந்த வேலைக்கு ஆகாது என்று எழுதிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று அப்பா கேட்டாராம். வாசல்காரன் வேலைக்கு ஏற்கெனவே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றார்களாம்.

அப்புறம்தான் வேடிக்கை. இன்ஷூரன்ஸுக்கு அப்பா ஆரோக்கியமான ஆள், அதனால் பணம் கிடையாது. கம்பெனிக்கு அவர் உதவாத ஆள், அதனால் வேலை கிடையாது. இரண்டு ஆபீசும் ரயிலில் சில நிறுத்தம் தள்ளித்தான் இருந்தன. அங்கே போனால் இங்கே போகச் சொன்னார்கள், இங்கே வந்தால் அங்கே. அம்மா பக்கத்துத் தெருவில் துணி தைத்துக் கொடுத்தாள். தங்கையின் பள்ளிக்கூடச் செருப்பு அறுந்தது, வாங்கவில்லை. எனக்கு வரவேண்டிய கடிதம் வரவே இல்லை. வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் சோறு உள்ளே இறங்கியிருக்கும்.

ஒரு நாள் மாலை பல்லாவரம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாண்ணா, வூட்ல இப்டியே குந்திகினு இருந்தா யாரு வந்து சோறு போடுவாங்க? கை அப்டியே தான கீது? சங்கத்துல கேட்டுட்டேன். டாக்டருங்க போர்டுன்னு ஒண்ணு கீதாம். அவங்க பாத்து, இந்தக் கை இனிமே இவ்ளோதான்னு எய்திக் குட்த்தா, மாசாமாசம் காசு வரும். உசுரு இருக்கிற வரைக்கும் வரும்."

"உயிர் இருக்கிற வரைக்குமா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. ஆனா ஒரு பேஜாரு. வெரலு போனாதான் அவங்க லிஸ்ட்ல ரேட்டு கீது. வெரலு இருந்து வேலை செய்யலன்னா, அவங்க மன்சு வெச்சுதான் போடணும். அண்ணனோட வெரலு ஒண்ணு அப்பவே துண்டாயிருந்தா ஈசியா பூட்டிருக்கும்."

அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஐந்து விரல் இருப்பதே தப்பு என்று ஒரு காலம் வரும் என்று யார் நினைத்தது.

விண்ணப்பம் எழுத அப்பாவோடு நான் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா பொறுமைசாலி. எங்கள் ஃபைலைப் புரட்டியவர் ஒரு தாளில் நின்றார்.

"சார், இங்க ஒரு நோட் இருக்கே. பூரண குணமாயிடுச்சுன்னு நீங்களே அறிவிச்சிருக்கீங்க. போர்டு இதைத்தான் முதல்ல கேக்கும். உங்க பாதிரியார்கிட்ட ஒரு லெட்டர் வாங்குங்க. அது சும்மா சம்பிரதாயத்துக்குப் போட்டது, நிஜம் இல்லைன்னு. அது போதும்."

விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. பொய்த் தகவல் தருகிறவர்கள்மேல் வழக்குத் தொடரப்படும் என்று. அப்பா அதை விரலை வைத்து வாசித்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

கடிதம் கேட்க அப்பா போகவில்லை. அன்றுதான் நானும் அவரும் முதன்முதலாகச் சண்டை போட்டோம்.

"ஆண்டவருக்குச் செலுத்தின நன்றியைச் சும்மா சம்பிரதாயம்னு எழுதி வாங்கணுமா?"

"அது நீங்க எழுதினதில்லப்பா. நான் எழுதினது. நானே போய்க் கேக்கறேன்."

"நீ எழுதினது ஆபீஸ்காரங்களுக்குத் தெரிய வேண்டாம். உனக்கு வேலை வரப்போற நேரம்."

"வேலை வரட்டும், வராமப் போகட்டும். வீட்ல அரிசி இல்லப்பா!"

கத்திவிட்டேன். தங்கை அழ ஆரம்பித்தாள். அப்பா ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் அவருக்குத் தெரியாமல் போதகரைப் பார்த்தேன். அவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "காணிக்கைச் சீட்டுக்கெல்லாம் சபை உத்தரவாதம் தர முடியாதும்மா, அது அவங்கவங்க விசுவாசம்" என்றார். ஜெபம் செய்து அனுப்பினார். கடிதம் தரவில்லை.

போர்டு கூடியது மெட்ராசில், ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில். அப்பா ஆலயத்துக்குப் போகிற சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். அம்மா வழக்கம்போல் மணிக்கட்டுப் பொத்தான்களை மாட்டிவிட்டாள். வரிசையில் பெஞ்சு நிறைய ஆட்கள். விரல் இல்லாதவர்கள், கண் போனவர்கள், கால் போனவர்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பார்த்து, "உங்களுக்கு இன்னா சார்?" என்று கேட்டார். அப்பா கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கூடப் போகிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று பியூன் சொல்லிவிட்டான். அறைக்கு இடுப்பளவு ஆடும் கதவுதான். நான் அதன் பக்கத்திலேயே நின்றேன். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். முதலில் கையைப் பிடித்து, மடக்கி, ஊசியால் தொட்டு, அளவெடுத்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் ஃபைலைத் திறந்தார்.

"கை கம்ப்ளீட்டா சரியாயிடுச்சுன்னு நீங்களே அச்சடிச்சுப் போட்டிருக்கீங்க. இப்ப வந்து முடியலைங்கறீங்க. எது நிஜம்?"

அப்பா மேசைமேல் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"யார் எழுதிக் குடுத்தது அதை?"

அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்தப் பொடி எழுத்து வரி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் சார் எழுதினேன்."

"எந்தக் கையால?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். ஆரம்பித்த பொய்யை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. "இந்தக் கையாலதான்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளோடு நகர்த்தி வைத்தார். "அதே வரியை இப்ப எழுதுங்க, பார்க்கலாம்."

அப்பா உட்கார்ந்தார். இடது கையால் பேனாவை எடுத்து வலது விரல்களுக்குள் செருகினார். அது விழுந்தது. மறுபடி செருகினார். மேசையில் முழங்கையை ஊன்றி, தோளிலிருந்து தள்ளித் தள்ளி எழுதினார். சட்டைக் காலர் நனைந்துவிட்டது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'வலது கை' என்று எழுதினார். பிறகு 'பூ' என்று ஒரு எழுத்து, தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனது. பேனா மறுபடி விழுந்து தரையில் உருண்டது. குனிந்து எடுத்து இன்னொரு தடவை செருகப் போனார்.

"போதும்" என்றார் டாக்டர்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு அடி தூரம்தான். வரப்போகிற வேலையை நினைத்தேன், வழக்கை நினைத்தேன், நின்ற இடத்திலேயே நின்றேன். வாழ்க்கையில் எவ்வளவோ கோழைத்தனம் செய்திருக்கிறேன். எது முதல் என்று கேட்டால் அந்த ஆடும் கதவுதான்.

ரயிலில் திரும்பும்போது அப்பா சாதாரணமாகத்தான் பேசினார். தாம்பரத்தில் இறங்குவதற்கு முன் மட்டும், "நீ எழுதின எழுத்து அழகு. எனக்கு அந்த மூணாவது வார்த்தையே வரல" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நிரந்தர ஊனம் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஊன அளவைப் பாதிக்கும் குறைவாகத்தான் போட்டிருந்தார்கள். உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும். அம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய் அந்தக் குமாஸ்தாவிடம், ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃபைலை என் பக்கம் திருப்பினார். அப்பாவின் அந்தத் தாள் அங்கே இருந்தது, கோணல் மாணலாக, 'வலது கை பூ' என்று. அதன் கீழே டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். கைத் தசைகள் சூம்பியிருப்பது உண்மை, ஆனால் இவர் தம்மைப் பற்றிச் சொல்கிறவை நம்பத் தகுந்தவை அல்ல என்று.

"இந்த ரிமார்க் இல்லைன்னா இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருப்பாங்களோ என்னவோ" என்றார் குமாஸ்தா.

காய்கறிக் கடையில் பாக்கி கூடக் கொடுத்தால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் என் அப்பா. ஒரு அரசாங்க ஃபைலில் பொய்யர் என்று எழுதப்பட்டார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் நாங்கள் அதற்குப் பிறகு சாப்பிட்டோம், தங்கை படித்தாள். எனக்கு வேலை வந்த பிறகும், அவர் மாதம் தவறாமல் போய் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து அதை வாங்கி வந்தார். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அவர் கிளம்பும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

முதல் பணம் வந்த வாரம் அம்மா மறுபடி உறையை எடுத்தாள். என்னிடம் சீட்டை நீட்டினாள். என் கை அதை வாங்க முன்னால் வரவில்லை.

"குடு, நான் எழுதறேன்" என்றார் அப்பா.

இடது கையால் எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து. எழுதி முடித்து யாரிடமும் காட்டாமல் மடித்து உறைக்குள் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வரி: 'வலது கை சுகமாகவில்லை.' இரண்டாம் வரி: 'பிழைக்க ஒரு வழி கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்.'

ஞாயிறு ஆராதனையில் போதகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் சீட்டு வந்தது. பிரித்தார். ஒரு கணம் பார்த்தார். "பிழைக்க ஒரு வழி கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று வாசித்துவிட்டு அதை மடித்து அடியில் வைத்தார். அப்பா தலை குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆலயத்தில் ஆராதனை நடுவே பெண்கள் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. எழுந்துவிட்டேன். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, முதல் வரியை விட்டுட்டீங்க" என்றேன்.

நூறு தலைகள் திரும்பின. போதகர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அடியில் வைத்த சீட்டை மறுபடி எடுத்தார்.

"வலது கை சுகமாகவில்லை" என்று வாசித்தார்.

நான் உட்கார்ந்தேன். பிறகு பாட்டு ஆரம்பித்தார்கள்.

அன்று ஆராதனை முடிந்து அப்பாவிடம் யாரும் கை குலுக்க வரவில்லை. ஹெட்மாஸ்டர் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் கடைசியாக வெளியே வந்தோம். வாசலில் நின்ற போதகர் வழக்கப்படி வலது கையை நீட்டினார். அப்பா தன் வலது கையைத் தூக்கவில்லை. அதைச் சட்டைப் பக்கம் தொங்கவிட்டபடி, இடது கையை நீட்டினார். போதகர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வலது கையை இறக்கிவிட்டு, இடது கையை நீட்டி அதைப் பிடித்தார்.